எழுத்து அறுக்கும் கம்பி

கல்யாண மண்டபத்து மேடையிலே மணமக்களின் பெயர்கள் தடித்த வெள்ளை எழுத்துகளாய் நிற்பதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நமது பரிசளிப்பு விழாவிலும் மீலாத் விழாவிலும் திரைச்சீலையில் குத்தப்படுவனவும் அவையே. ரெஜிபோமில் வெட்டப்படும் எழுத்துகள் அவை. குளிர்சாதனப் பெட்டி உடையாமல் வீடு வந்து சேர அதைச் சுற்றி அடைத்து அனுப்புகிறார்களே, அதே பொருள்தான். பொலிஸ்டைரீன் என்னும் பிளாஸ்டிக்கின் சிறு மணிகளை நீராவியில் ஊதவைத்து, அச்சுக்குள் ஒன்றோடொன்று ஒட்டவைத்துப் பலகையாக்குகிறார்கள். நாம் கையிலே பிடிக்கும் பலகையில் நூற்றுக்கு 98 பங்கு காற்று. பிளாஸ்டிக் மிகுதி இரண்டு பங்குதான்.

இதைக் கத்தியால் வெட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மணிகள் பிய்ந்து உதிரும். வெட்டிய முகம் எலி கடித்தது போலிருக்கும். உதிர்ந்த மணிகள் கையிலும் உடுப்பிலும் ஒட்டிக்கொண்டு லேசில் போகா. ஆனால் பொலிஸ்டைரீன் 100 பாகை செல்சியஸை அண்டியவுடனேயே இளகத் தொடங்கிவிடும். ஆகவே சூடான மெல்லிய கம்பி ஒன்றை அதற்குள் நகர்த்தினால் கம்பி தொடுவதற்கு முன்பே மணிகள் இளகிச் சுருங்கி வழிவிடும். வெட்டிய முகமும் கண்ணாடி போல வழவழப்பாக வரும். மேடை அலங்காரம் செய்பவர்கள் மர வில்லொன்றில் இந்தக் கம்பியைக் கட்டி, மின்சாரம் கொடுத்து, அட்டையில் வெட்டிய எழுத்து மாதிரியைப் பலகையின் இரு பக்கமும் குத்தி, அதன் விளிம்போடு வில்லை நகர்த்தி வெட்டுவார்கள்.

என் வாப்பாவும் அப்படி வெட்டுபவர். கிழக்குக் கரையோர ஊர்கள் பலவற்றில் அவருடைய எழுத்துகள் மேடையேறியிருக்கின்றன. ஒரு நோய்க்குப் பிறகு அவருடைய வலக்கை நடுங்கத் தொடங்கியது. வில் பிடிக்கும் கை நடுங்கினால் எழுத்தின் விளிம்பில் அலை விழும். பெயர் வெட்டித் தரக் கேட்டு வந்தவர்களில் இரண்டு பேர் அடுத்த முறை வரவில்லை. நான் உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவில் படிக்கிறேன். நானா மோட்டார் சைக்கிள் திருத்துமிடமொன்றில் வேலை செய்கிறார். வாப்பாவின் வில்லைக் கணினி பிடிக்கும்படி ஓர் இயந்திரம் செய்வோம் என்று இருவரும் இறங்கினோம். அது எப்படி இயங்குகிறது, அதைச் சீர் செய்தது எப்படி என்பதே இக்கட்டுரை. செலவுக் கணக்கை எழுதவில்லை. இன்று எழுதும் விலை இம்மலர் அச்சாகி வருவதற்குள் பழசாகிவிடும்.

இயந்திரத்தின் அமைப்பு சிக்கலானதல்ல. மேசையின் இடமும் வலமும் இரண்டு கோபுரங்கள். ஒவ்வொன்றும் முன்பின்னாக நகரும். ஒவ்வொன்றின் மேலும் ஒரு சிறு வண்டி மேலும் கீழுமாக ஏறியிறங்கும். அந்த இரண்டு வண்டிகளுக்கும் இடையே 60 செ.மீ. கம்பி கட்டப்பட்டிருக்கும். ரெஜிபோம் பலகையை நடுவே நிமிர்த்தி வைத்தால், கம்பி அதன் தடிப்பினூடாகச் சென்று எழுத்தின் கோட்டிலே பயணம் செய்யும். விமான மாதிரிகளின் இறக்கை வெட்டுவோர் இடது பக்கமும் வலது பக்கமும் வெவ்வேறாக நகரும்படி செய்கிறார்கள். இறக்கை ஒரு நுனியில் அகன்றும் மறு நுனியில் ஒடுங்கியும் இருப்பதால் அது வேண்டும். எங்களுக்கு எழுத்துத்தானே? இரண்டு பக்கமும் ஒரே கட்டளையைக் கேட்கும்படி இணைத்துவிட்டோம்.

நகர்த்துவதற்கு நான்கு ஸ்டெப்பர் மோட்டர்கள். சாதாரண மோட்டருக்கு மின்சாரம் கொடுத்தால் சுழன்றுகொண்டே இருக்கும். ஸ்டெப்பர் மோட்டர் ஒவ்வொரு துடிப்புக்கும் ஓர் அடி வைத்து நிற்கும். ஒரு முழுச் சுற்றுக்கு 200 அடிகள், அதாவது ஓர் அடிக்கு 1.8 பாகை. மோட்டரை ஓட்டும் சிறிய பலகை அந்த ஓர் அடியை மேலும் 16 ஆகப் பிரிக்கும். எனவே ஒரு சுற்றுக்கு 3200 துடிப்புகள். மோட்டரின் அச்சோடு ஹார்ட்வெயார் கடையில் வாங்கிய 8 மி.மீ. திருகுக் கம்பியை இணைத்தோம். அந்தக் கம்பியின் புரியிடைத் தூரம் 1.25 மி.மீ. ஒரு முறை சுற்றினால் நட்டு 1.25 மி.மீ. நகரும். 3200ஐ 1.25ஆல் வகுத்தால் 2560. ஒரு மி.மீ. நகர 2560 துடிப்புகள் வேண்டும் என்று கணினிக்குச் சொல்லிவிட்டால் அது எண்ணிக் கொடுத்துவிடும்.

எண்ணுகின்ற வேலையைச் செய்வது ஆர்டுயினோ ஊனோ என்ற உள்ளங்கையளவு பலகை. ஆர்டுயினோ 2005ஆம் ஆண்டு இத்தாலியின் இவ்ரேயா நகரில் மாணவர்களுக்கென உருவாக்கப்பட்டது. அதன் மேல் ஓடும் ஜி.ஆர்.பி.எல். என்ற மென்பொருளை நோர்வே நாட்டவர் ஒருவர் 2009இல் எழுதி, யாரும் இலவசமாகப் பாவிக்கலாமென்று விட்டுவிட்டார். உலகெங்கும் வீட்டிலே இயந்திரம் செய்கிறவர்களில் பெருந்தொகையானோர் இன்று அதைத்தான் பாவிக்கிறார்கள். பலகை, மோட்டர் எல்லாம் கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கிடைக்கும். நழுவிச் செல்லும் உருக்குத் தண்டுகளை நானா பழைய அச்சு இயந்திரங்களிலிருந்து கழற்றினார். கடையில் விற்பதைவிட அவை நேரானவை என்பது என் அபிப்பிராயம்.

இனிக் கம்பிக்கு வருவோம். உயிர் அதிலேதான் இருக்கிறது.

அது நிக்குரோம் கம்பி. 80 பங்கு நிக்கலும் 20 பங்கு குரோமியமும் கலந்தது. தலைமுடி உலர்த்தும் கருவிக்குள் செந்நிறமாய்த் தெரிகிறதே, அது. சூடாகும்போது அதன் மேல் குரோமியம் ஒட்சைட்டுப் படலம் ஒன்று படிந்து உள்ளேயுள்ள உலோகத்தைக் காக்கும். சூடு ஏறினாலும் அதன் தடை அதிகம் மாறாது என்பது எங்களுக்கு இன்னும் பெரிய வசதி. நாங்கள் வாங்கியது 0.4 மி.மீ. விட்டமுடையது. அதன் தடை மீற்றருக்கு ஏறக்குறைய 8.7 ஓம், 60 செ.மீ.க்கு 5.2 ஓம். பழைய கணினியொன்றின் பவர் சப்ளையிலிருந்து 12 வோல்ற்றை நேரே கொடுத்தால், ஓமின் விதிப்படி 2.3 அம்பியர் ஓடும். 28 வாற்று வெப்பம் வெளிவரும். அது ரெஜிபோமை வெட்டத் தேவையானதிலும் மிக அதிகம். வோல்ற்றளவைக் குறைக்கும் சிறு சுற்றொன்றை இடையில் வைத்து 8.3 வோல்ற்றுக்கு இறக்கினோம். 1.6 அம்பியர், 13 வாற்று. அதுதான் எங்கள் கம்பிக்கு ஏற்ற அளவு.

அந்த 1.6ஐக் கண்டுபிடித்தது பல்மானி அல்ல, வாப்பாவின் காதும் கண்ணும். "மகள், சத்தத்தக் கேளுங்க. பொரியிற சத்தம் வந்தா சூடு கூட. கம்பி போம தள்ளிக்கிட்டுப் போனா சூடு காணா" என்றார். வெட்டிய முகத்தைத் தடவிப் பார்த்து, அதில் சிலந்தி நூல் போல மெல்லிய இழைகள் ஒட்டியிருந்தால் சரியென்று தலையாட்டுவார். சூடு கூடிய முகத்தில் அந்த இழை இராது. குழி குழியாகப் பளபளக்கும். புத்தகத்தில் எந்தச் சூத்திரமும் தராத அளவுகோல் அது. நாங்கள் செய்ததெல்லாம் அவர் சரியென்று சொன்ன இடத்தில் பல்மானியைப் பார்த்து எண்ணைக் குறித்துக்கொண்டதுதான்.

கம்பியை இரண்டு பக்கமும் ஆணியில் இறுக்கிக் கட்டினால் என்ன நடக்கும் என்பது சாதாரண தர மாணவிகள் கணக்காகவே செய்து பார்க்கலாம். கம்பி 250 பாகை சூடேறினால் 60 செ.மீ. நீளம் ஏறக்குறைய 2 மி.மீ. கூடும். இரண்டு மி.மீ.தானே என்று தோன்றும். பைதகரஸ் தொடர்பை எடுங்கள். பாதிக் கம்பிக்கு அடி 300 மி.மீ., செம்பக்கம் 301 மி.மீ. மூன்றாவது பக்கம் 24 மி.மீ.க்கும் மேல்! கம்பி முக்கோணமாக அல்லாமல் வளைவாகத் தொய்வதால் அது சற்றுக் குறையும், 2 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். நீளத்தில் 2 மி.மீ. கூடியது நடுவிலே 2 செ.மீ. தொய்வாகிவிடுகிறது. எழுத்து எப்படி உருப்படும்? அதனால்தான் கம்பியின் ஒரு நுனியில் சுருள்வில் கட்டாயம். கம்பி நீளும்போது வில் இழுத்துக்கொள்ளும், ஆறும்போது விட்டுக்கொடுக்கும்.

இவ்வளவும் பொருத்தியாயிற்று. ஆனால் பொருத்திய இயந்திரம் வேறு, வெட்டுகின்ற இயந்திரம் வேறு. சீர் செய்வதற்கு, பொருத்தியதைப் போல இரண்டு மடங்கு காலம் எடுத்தது.

முதலில் மேசைக்குக் கோபுரங்கள் செங்கோணமா என்று பார்க்க வேண்டும். மேசன்மார் வீட்டு அத்திவாரத்துக்குப் பார்க்கிற அதே முறைதான். ஒரு பக்கம் 30 செ.மீ., மறு பக்கம் 40 செ.மீ. குறித்து, குறுக்கே 50 செ.மீ. வருகிறதா என்று அளந்தோம். பிறகு கம்பியின் இரு நுனிகளும் ஒரே உயரமா என்பது. ஒரே அளவாக அறுத்த இரண்டு மரத் துண்டுகளை இரு பக்கமும் வைத்து, வண்டிகளை அவற்றின் மேல் இறக்கிவிட்டுத்தான் இன்றும் ஒவ்வொரு வெட்டையும் தொடங்குகிறோம். இரண்டு மோட்டர்களில் ஒன்று எங்காவது அடி தவறினால் கம்பி சாய்ந்துவிடும். எழுத்தின் முன்முகம் ஓரளவும் பின்முகம் வேறோரளவுமாக வரும்.

அடுத்தது தூரம். 200 மி.மீ. போ என்று கட்டளையிட்டு அளந்தால் 199.4 வந்தது. திருகுக் கம்பியில் புரி மிகத் திருத்தமாக இருப்பதில்லை. 2560ஐ 200ஆல் பெருக்கி 199.4ஆல் வகுத்து, 2567.7 என்று மாற்றியதும் சரியாகிவிட்டது.

மூன்றாவதைக் கண்டுபிடிக்க ஒரு வட்டம் வெட்டினோம். ஒரு வட்டத்தில் இயந்திரத்தின் பல குணங்கள் தெரிந்துவிடும். புதிதாகச் செய்கிறவர்கள் முதலில் வட்டம் வெட்டுங்கள் என்பேன். எங்கள் வட்டம் உச்சியிலும் அடியிலும் இரு பக்கங்களிலும் சற்றுத் தட்டையாக இருந்தது. நகர்வின் திசை மாறும் நான்கு இடங்கள் அவை. திருகுக் கம்பிக்கும் நட்டுக்கும் இடையே மயிரிழை இடைவெளி உண்டு. திசை மாறும்போது மோட்டர் சுழன்றாலும், அந்த இடைவெளி தீரும்வரை வண்டி நகராது. ஒரு நட்டுக்குப் பதிலாக இரண்டு நட்டுகளைப் போட்டு அவற்றுக்கிடையில் சிறு சுருள்வில்லை வைத்தால், ஒன்று புரியின் ஒரு பக்கத்தையும் மற்றது மறு பக்கத்தையும் எப்போதும் அழுத்திக்கொண்டிருக்கும். நானாவின் யோசனை அது. வட்டம் வட்டமானது.

அதற்கும் பிறகுதான் வெட்டின் அகலம். கம்பி 0.4 மி.மீ. ஆனாலும் வெட்டு அதைவிட அகலமாகவே விழும். சுற்றியுள்ள மணிகளையும் வெப்பம் உருக்கும் அல்லவா? எவ்வளவு அகலம் என்பது வேகத்தைப் பொறுத்தது. 1.6 அம்பியரில் 50 மி.மீ. சதுரங்களை வெட்டி வேணியர் இடுக்கிமானியால் அளந்தேன். செக்கனுக்கு 4 மி.மீ. வேகத்தில் சதுரம் 48.6 மி.மீ. வந்தது; 8 மி.மீ. வேகத்தில் 49.1 வந்தது. மெதுவாய்ப் போனால் அதிகம் உருகுகிறது. நாங்கள் 5 மி.மீ. வேகத்தைத் தெரிந்துகொண்டோம். அதில் வெட்டு அகலம் 1.2 மி.மீ. கணினியில் எழுத்தின் வெளிக்கோட்டை அதன் பாதியான 0.6 மி.மீ. வெளியே தள்ளி வரைந்தால் எழுத்து சரியான அளவில் வரும்.

ஏன் 8 மி.மீ. வேகத்தில் போகவில்லை? நான்கைந்து பலகைகளை ஒன்றாக அடுக்கி ஒரே தடவையில் வெட்டும்போது காரணம் தெரியும். நுனிகளில் கம்பி கோபுரத்தோடு சேர்ந்து நகரும். நடுப்பகுதியோ ரெஜிபோமில் தடைப்பட்டுப் பின்தங்கும். மேலிருந்து பார்த்தால் கம்பி வில்லாக வளைந்திருக்கும். மூலையில் நுனிகள் திரும்பும்போது நடுப்பகுதி இன்னும் வந்து சேர்ந்திராது. அது குறுக்கு வழியில் திரும்பிவிடும். ஓரப் பலகைகளில் கூரான மூலையும் நடுப் பலகைகளில் மழுங்கிய மூலையும் வரும். எட்டுப் பலகை அடுக்கலாம் என்றிருந்ததை நான்காக்கினோம். வெளிமூலைகளில் கம்பி மூலையைத் தாண்டிக் கழிவுப் பகுதிக்குள் சென்று, சிறு வளையமாய்ச் சுற்றித் திரும்பிவரும்படி கோடு வரைந்தோம். உள்மூலைகளில் அதற்கு இடமில்லை. கால் செக்கன் நிற்கவைத்தோம். நின்றால் அங்கே சிறு குழி விழும். கூரான மூலையா, குழியில்லாத மூலையா என்பதில் இரண்டும் முழுமையாகக் கிடைக்காது.

தமிழ் எழுத்துகள் இந்தக் கம்பிக்கு நல்ல பரீட்சை. கம்பி அறுபடாத ஒரே கோடாகத்தான் போக முடியும். தூக்கி வேறிடத்தில் வைக்க இயலாது. ட, ப போன்றவை லேசானவை. வெளிக்கோட்டைச் சுற்றி வந்தால் போதும். வ, ம என்று வந்தால் உள்ளே மூடிய துளை இருக்கிறது. அந்தத் துளைக்குள் கம்பி எங்கிருந்தோ நுழைய வேண்டும். எழுத்தின் உடலைக் கீறிக்கொண்டு உள்ளே போய், துளையைச் சுற்றி, வந்த கீறலாலேயே வெளியே வருவதுதான் வழி. கீறலை எந்த இடத்தில் வைப்பது என்பதில்தான் வேலைத் திறமை தெரியும். அடிப்பக்கத்தில் வைத்து, பைண்டர் கம் பூசி அழுத்திவிட்டு, அதன் மேல் எமல்ஷன் பெயின்ட் அடித்தால் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாது. புள்ளிகளும் விசிறிகளும் தனித் துண்டுகளாகிவிடும். 'பரிசளிப்பு' என்பதில் ஒரு புள்ளிதான், 'நல்வாழ்த்துக்கள்' என்று எழுதக் கேட்டால் ஐந்து புள்ளி. சிறு வட்டம் ஒன்று மேசைக்குக் கீழே உருண்டு காணாமற் போனால் எழுத்தே மாறிவிடும். அதனால் புள்ளிகளை எப்போதும் இரண்டு கூடுதலாக வெட்டுகிறேன்.

பசையைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிட வேண்டும். சப்பாத்து ஒட்டும் பசையோ ஸ்பிரே பெயின்டோ ரெஜிபோமில் பட்டால், அவற்றிலுள்ள கரைப்பான் அதைக் கரைத்துக் குழியாக்கிவிடும். நீரில் கரையும் பசையும் நீரில் கரையும் பெயின்டுமே பொருத்தம்.

பெற்றோருக்கு முக்கியமானது புகை. பொலிஸ்டைரீன் சூடாகும்போது ஸ்டைரீன் ஆவி வரும். அது கண்ணையும் தொண்டையையும் உறுத்தும். மூடிய அறையில் வேலை செய்தால் தலை சுற்றும். வாப்பா எத்தனையோ வருடம் மூடிய அறையில்தான் வெட்டினார், காற்று வந்தால் கம்பி ஆறும் என்பதற்காக. அவர் சொன்னதும் பொய்யல்ல. எங்கள் பக்கம் கச்சான் வீசும் மாதங்களில் ஜன்னலைத் திறந்தால், காற்று படும் பக்கத்துக் கம்பி ஆறி, அந்தப் பக்கத்து வெட்டு ஒடுங்கிப் போகிறது. மூடினால் புகை, திறந்தால் காற்று. முடிவில் இயந்திரத்தைக் காற்று நேரே படாத சுவரோரம் மாற்றி, வெட்டும் இடத்துக்கு மேலே, புகையை மெதுவாக வெளியே இழுக்கும் சிறு மின்விசிறியைப் பொருத்தினோம். கம்பியின் மேல் காற்று அடிக்கக் கூடாது. கம்பிக்கு மேலே எழும் புகைதான் இழுபட வேண்டும். இப்போது அந்த அறையில் வாப்பா இருமுவது குறைந்திருக்கிறது. அல்ஹம்துலில்லாஹ்.

வேறு சிலவும் உண்டு. மெத்தை ஸ்பொஞ்சைச் சூட்டுக் கம்பியால் வெட்டவே கூடாது, அது பொலியூரெத்தேன். சூடாகி எரியும்போது ஐதரசன் சயனைட்டு போன்ற நச்சு வாயுக்கள் வரும். பி.வி.சி. பலகையும் ஆகாது. பவர் சப்ளையின் மூடியைத் திறக்காதீர்கள். வயரைக் கழற்றிய பிறகும் உள்ளே மின்னேற்றம் தங்கியிருக்கும். இயந்திரம் ஓடும்போது மோட்டரின் வயரைப் பிடுங்கினால் அதை ஓட்டும் பலகை செத்துவிடும். வெட்டு நடுவில் தடைப்பட்டு நின்றால் முதலில் கம்பியின் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். ரெஜிபோம் நெருப்புப் பிடிக்கும் பொருள், ஆளில்லாமல் ஓடவிடும் இயந்திரம் அல்ல இது. எங்கள் வீட்டில் உம்மா அந்த அறை வாசலில் மண் நிரப்பிய வாளி ஒன்றை வைத்திருக்கிறார்.

25 செ.மீ. உயர எழுத்தொன்றின் சுற்றளவு ஒன்றரை மீற்றரளவு வரும். செக்கனுக்கு 5 மி.மீ. என்றால் ஐந்து நிமிடம். அடுக்கிய நான்கு பலகையிலும் சேர்த்து. வாப்பா இப்போது வில் பிடிப்பதில்லை. எழுத்தின் வடிவைத் தெரிவதும், கீறல் எங்கே விழ வேண்டுமென்று சொல்வதும், வெட்டிய முகத்தைத் தடவிப் பார்ப்பதும் அவர் வேலை. வராமற்போன இரண்டு பேரில் ஒருவர் மகளின் கல்யாணத்துக்குப் பெயர் வெட்டக் கேட்டு வந்தார்.

அரபு எழுத்துகளை வெட்டத் தொடங்கியபோது வேறொரு விஷயம் முன்னுக்கு வந்தது. மணமேடைகளுக்குப் 'பிஸ்மில்லாஹ்' கேட்பார்கள். எழுத்தை எடுத்த பிறகு, பலகையில் அதே வடிவில் வெற்றிடம் மிஞ்சும். கழிவுதான், ஆனால் அல்லாஹ்வின் திருநாமத்தின் வடிவம் அதில் அப்படியே இருக்கிறது. கையால் வெட்டிய காலத்தில் அந்தக் கழிவு துண்டு துண்டாகவே வந்ததால் இந்தக் கேள்வி எழவில்லை. இயந்திரம் முழு வடிவையும் ஒரே பலகையில் விட்டுவைக்கிறது. குப்பையில் போட மனம் ஒப்பவில்லை. புதைத்தால் உக்காது, எரித்தால் கரும்புகை. வாப்பா ஒரு நாள் யோசித்துவிட்டு, "அதையும் கம்பிக்கே குடுங்க" என்றார். ஆகவே இப்போது ஒவ்வொரு அரபு வெட்டுக்கும் பிறகு கழிவுப் பலகையை மேசையிலிருந்து எடுக்காமலே, ஒரு செ.மீ. இடைவெளியில் நேர்கோடுகளாகக் கம்பியை ஓடவிடும் ஒரு சிறு நிரலை எழுதி வைத்திருக்கிறேன். எழுத்தின் வடிவம் எதுவும் மிஞ்சாமல் கீலங்களாகிவிடும். பெயரெழுத்துகளைப் பெட்டியில் வைத்து அனுப்பும்போது, உடையாமலிருக்க அந்தக் கீலங்களைத்தான் சுற்றி அடைக்கிறோம்.